பொறிவண்டு தேடிப் பழனி மலைக்கு: ஆறு நாள் குறிப்பு

முதல் நாள்: அய்யம்பாளையம்

தை முடியப்போகிறது. மலையடிவாரத்தில் விடிகாலைப் பனி இன்னும் விட்டபாடில்லை. பொறிவண்டைப் படம் எடுக்க வருஷத்தில் இதைவிட நல்ல நாட்கள் கிடைக்காது. மொச்சையும் அவரையும் பூத்துக் காய்க்கிற பருவம். கொழுந்தெல்லாம் அசுவினி என்ற சாறுறிஞ்சிப் பூச்சி மொய்த்துக் கிடக்கும். அசுவினி இருக்கிற இடத்துக்குப் பொறிவண்டு தானாக வந்துவிடும். அதோடு, குளிரில் வண்டுக்கு உடம்பு சூடேற நேரமாகும். எட்டு மணி வரை இலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு ஓட ஆரம்பித்துவிட்டால், லென்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் அலைவது வீண்.

நேற்று இரவு திண்டுக்கல்லில் இறங்கி, கடைசி பஸ்ஸைப் பிடித்து சித்தப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் உண்டு. கிரிப்டோலேமஸ் என்றொரு பொறிவண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்த இனம். 1898-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, தென்னாட்டு மலைத் தோட்டங்களில் ஊன்றிக்கொண்டது. நான் அதைப் பார்த்ததெல்லாம் ஆய்வகத்தில்தான். முற்றிய பரங்கிக்காய்களில், அதன் இரையான மாவுப்பூச்சி என்ற வெள்ளைச் சாறுறிஞ்சியை வளர்த்து, அதன்மேல் இந்த வண்டை விட்டுப் பெருக்குவார்கள். அங்கே எடுத்த படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒரு காப்பிச் செடியில், யாரும் கொண்டுவந்து விடாமல், தன் பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டிருக்கும் கிரிப்டோலேமஸை ஒருமுறையாவது எடுத்துவிட வேண்டும் என்று நான்கு வருஷமாக நினைப்பு. அதற்காகத்தான் மலையேறப் போகிறேன். அதற்கு முன் கீழே மூன்று நாள்.

காலை ஆறரைக்கு சித்தி வீட்டுக் கொல்லையில், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பாயும் இடத்தில் படர்ந்திருந்த மொச்சைக் கொடியில் ஆரம்பித்தேன். பத்தடிக் கொடியில் பதினேழு வண்டுகள். எல்லாமே ஒரே இனம். ஆரஞ்சு முதுகில் கருப்புக் கோடு வளைந்து வளைந்து ஓடும். இதற்கு 1781-இல் ஃபெப்ரீசியஸ் என்ற பூச்சியியலாளர் பெயர் வைத்தபோது ‘ஆறு புள்ளி’ என்ற பொருள்படத்தான் வைத்தார். நம் ஊர்க் கொடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் புள்ளியைவிடக் கோடுதான் கண்ணில் படும். ஒரே கொடியில் ஒன்று மஞ்சளாக, ஒன்று இளஞ்சிவப்பாக, இன்னொன்று பாதிக்கு மேல் கருப்பாக இருக்கும். நிறத்தை வைத்து இனம் பிரித்தால் ஏமாந்துபோவோம்.

பொறிவண்டு எடுக்கப் பழகுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. தலைக்குப் பின்னால், கழுத்துப் பட்டை மாதிரி இருக்கும் தகட்டில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டு இருக்கும். அதைக் கண் என்று நினைத்து ஃபோகஸை அங்கே வைத்துவிடுவார்கள். நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் எடுத்தேன். உண்மையான கண் அதற்கு முன்னால், தலையின் ஓரத்தில், கடுகைவிடச் சின்னதாகக் கருப்பாக இருக்கும். உருவத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுக்கும்போது, லென்ஸின் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கினால்கூடத் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். திட்டில் வைத்தால் கண் போய்விடும். கண் மங்கிய படம் உயிரில்லாத படம்.

இரண்டாவது சிக்கல் முதுகின் பளபளப்பு. அது கிட்டத்தட்ட ஒரு குவிகண்ணாடி. ஃபிளாஷை நேராக அடித்தால் முதுகில் வெள்ளையாக ஒரு பொட்டு எரியும், கீழே இருக்கும் நிறமெல்லாம் அழிந்துவிடும். நான் வெள்ளை தெர்மகோல் தட்டை வளைத்து, உள்ளே டிரேசிங் பேப்பர் இரண்டு மடிப்பு ஒட்டி, லென்ஸின் மூக்குவரை நீட்டிக் கட்டியிருக்கிறேன். வெளிச்சம் எவ்வளவு அகலமாக வருகிறதோ அவ்வளவு மிருதுவாக விழும். வண்டின் முதுகில் தெரிவது அந்தத் தட்டின் உருவம்தான் என்பதால், தட்டில் ஒரு சுருக்கம் இருந்தாலும் படத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டு மணிக்குள் நூற்று இருபது படம். தேறியவை ஒன்பது. ஒன்றில் வண்டு அசுவினியின் பின்பாதியை வாயில் வைத்திருக்கிறது, முன்னங்கால்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாம் நாள்: கத்தரித் தோட்டம்

சித்தப்பா ஒரு பெரியம்மாவின் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அரை ஏக்கர் கத்தரி, வரப்போரம் மொச்சை. நான் கத்தரிச் செடிக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்ததும் பெரியம்மா வந்து நின்றார்.

“அந்தச் சனியனையா தம்பி போட்டோ புடிக்கிற? இலையெல்லாம் சல்லடையா ஆக்கிருச்சு. நாளைக்கு மருந்தடிக்க ஆளு சொல்லியிருக்கேன்.”

அவர் சொன்னது சரி. கத்தரி இலையில் இருந்தது எபிலாக்னா. ஊரில் புள்ளி வண்டு என்பார்கள். பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் பூச்சியைத் தின்னாது, இலையைத் தின்னும். இறக்கை ஒன்றுக்குப் பதினான்கு என்று இருபத்தெட்டுப் புள்ளி. வண்டும் புழுவும் இலையின் பச்சையை மட்டும் வரிவரியாகச் சுரண்டித் தின்று, நரம்பை விட்டுவிடும். தின்ற இடம் ஏணிப்படி மாதிரி, வெயிலில் பிடித்தால் ஒளி ஊடுருவும்.

நான் பயந்தது அவர் அடுத்துச் சொன்னதற்குத்தான். “வரப்பு மொச்சையிலயும் அதே வண்டு கெடக்கு. ரெண்டுக்கும் சேத்தே அடிச்சிர வேண்டியதுதான்.”

மொச்சையில் இருந்தது அதே வண்டு இல்லை. எழுந்து வரப்புக்குப் போனேன். சிவப்பு முதுகு, நடுவில் நீளவாக்கில் கருப்புப் பட்டை, இரண்டு பக்கமும் குறுக்கே கருப்புத் திட்டுகள். குறுக்குப்பட்டைப் பொறிவண்டு. அசுவினியைத் தின்ன வந்தது. வெறும் கண்ணுக்கு இரண்டும் சிவப்பாக, புள்ளி வைத்து, உருண்டையாகத்தான் தெரியும். பெரியம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டையும் ஒரே அளவில் எடுத்து, கேமராவின் பின்திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். மொச்சை வண்டின் முதுகு வழவழவென்று, என் தெர்மகோல் தட்டு அப்படியே தெரிகிறது. கத்தரி வண்டின் முதுகில் ஒரு மினுமினுப்பும் இல்லை. முழுக்க மெல்லிய ரோமம், பீச் பழத்தோல் மாதிரி. புழுக்களையும் காட்டினேன். கத்தரிப் புழு மஞ்சள், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். மொச்சைப் புழு கருப்பு, நீளம், ஆறு காலில் வேகமாக ஓடும், முதலைக் குட்டி மாதிரி.

பெரியம்மா திரையைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். “இதுக்கு முடி இருக்கு. அதுக்கு இல்ல” என்றார். நான் புத்தகத்தில் படித்து, வருஷக்கணக்காகப் படம் எடுத்துத் தெரிந்துகொண்டதை அவர் ஐந்து விநாடியில் பிடித்துவிட்டார்.

“அப்ப மொச்சைல இருக்கறது நல்லதுங்கிறியா?”

“ஆமா பெரியம்மா. அசுவினியத் திங்க வந்தது. மருந்தடிச்சா அசுவினியும் சாகும், இதுவும் சாகும். அசுவினி ஒரு வாரத்துல திரும்பப் பெருகிரும், இது பெருக நாளாகும்.”

அவர் பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவர் நிலம், அவர் செலவு. கத்தரிக்கு மட்டும் அடித்து, மொச்சையை விட்டுவிடலாம் என்று ஒருமுறை சொன்னேன், அவ்வளவுதான்.

கிளம்பும் முன் ஒரு மொச்சை வண்டு என் விரலில் ஏறியது. அசைத்ததும் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு விட்டது. அது அதன் இரத்தம்தான். கசப்பும் நாற்றமும் உள்ளது. தின்ன வரும் பறவைக்கு எச்சரிக்கை. மத்தியானச் சாப்பாடு வரை விரலில் அந்த வாடை போகவில்லை. வண்டை இப்படிப் பயமுறுத்தி எடுக்கிற படங்களை நான் வெளியிடுவதில்லை. குளிர்பெட்டியில் வைத்து விறைக்கவைத்து எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படங்களில் காலும் உணர்கொம்பும் இருக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். அது செய்யக்கூடாத காரியம் என்பது என் முடிவு.

மூன்றாம் நாள்: ஒரு கூட்டுப்புழு

இன்று வெளியே எங்கும் போகவில்லை. மருதாநதி அணைப் பக்கம் எருக்கஞ்செடிகளில் மஞ்சள் அசுவினி இருக்கும், அதைத் தேடிப் போவதாக இருந்தேன். அதற்குள் கொல்லைக் கொடியில் ஒரு கூட்டுப்புழு நிறம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டேன்.

பொறிவண்டின் புழு நான்கு பருவம் வளர்ந்த பிறகு, பின்நுனியை இலையில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகும். பட்டுப்புழு மாதிரி நூல் கூடு கிடையாது. தொட்டால் வெடுக்கென்று எழுந்து நிற்கும், மறுபடி படுக்கும். வண்டு வெளியே வருவதற்கு முன் உள்ளே இருக்கும் நிறம் மேலே தெரியும். காலை ஐந்தே முக்காலுக்கு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது அப்படித் தெரிந்தது. கேமரா முக்காலியைப் போட்டு, இலைக்காம்பைத் துணி கிளிப்பால் ஒரு குச்சியோடு பிடித்து, காற்றுக்கு மறைவாக சித்தியின் பழைய சேலையைக் கட்டினேன்.

ஆறு இருபதுக்குத் தலைப்பக்கம் பிளந்தது. ஏழு நிமிஷத்தில் வண்டு முழுசாக வெளியே. ஆனால் அது நமக்குத் தெரிந்த வண்டு இல்லை. வெளிர் மஞ்சள், ஒரு கோடு இல்லை, புள்ளி இல்லை, ஈரமாக, வேகவைத்த பயறு மாதிரி மென்மையாக. தன் பழைய தோலின் மேலேயே ஏறி நின்றது. பிறகு முதுகு ஓட்டுக்கு அடியிலிருந்து பின்னிறக்கைகளை வெளியே நீட்டியது. கண்ணாடித் தாள் மாதிரி இரண்டு இறக்கை, உடம்பைவிட நீளம், நரம்பெல்லாம் தெரிய. அரை மணிக்கு மேல் அவற்றை அப்படியே காயவிட்டது. அப்புறம் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, உள்ளே போய்விட்டன. அந்தச் சின்ன ஓட்டுக்குள் அவ்வளவு பெரிய இறக்கை எப்படி அடங்குகிறது என்பதை இன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஏழேகாலுக்கு முதுகில் புகை படிந்த மாதிரி ஒரு சாம்பல் கோடு. எட்டு மணிக்கு அது கருக்கத் தொடங்கியது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே இருந்தேன். சித்தி காப்பியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சேலை மறைவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். “பச்சப்புள்ளைக்கு மை தீட்டுற மாதிரி இருக்கு” என்றார். பத்தரைக்குக் கோடு முழுசாக வந்துவிட்டது. மஞ்சள் ஆரஞ்சாக மாற இன்னும் நாளாகும்.

நாற்பத்தெட்டுப் படம். அழித்தது இரண்டு மட்டும்.

நான்காம் நாள்: பெரும்பாறை வழியாக மேலே

காலை பஸ். தென்னந்தோப்புகள் முடிந்து வளைவுகள் தொடங்கியதும் காற்றே மாறிவிட்டது. பெரும்பாறை தாண்டிக் காப்பி, மிளகுக் கொடி, மலைவாழை, கமலா ஆரஞ்சு. சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் தோட்டம் தாண்டிக்குடிப் பக்கம். தோட்டத்து மேஸ்திரி அண்ணன் தன் வீட்டிலேயே தங்க இடம் கொடுத்தார்.

மத்தியானத்திலிருந்து ஆறு மணி வரை காப்பிச் செடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து தேடினேன். மாவுப்பூச்சி இருக்கிறது. காய்க்கொத்துக்களின் இடுக்கில் மாவை அள்ளி அப்பிய மாதிரி. அதன்மேல் கருப்பு எறும்பு வரிசை. மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். அதைத் தின்ன வருகிறதை விரட்டும். எறும்பு இருக்கிற கொத்தெல்லாம் மாவு கொழித்துக் கிடந்தது. வண்டு ஒன்றுகூட இல்லை.

திரும்பும்போது மேஸ்திரி வீட்டு வேலியில் பூசணிக்கொடி. இலையெல்லாம் சாம்பல் நோய் பிடித்து வெளுத்துக் கிடந்தது. அதில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில், புள்ளியில்லாத முதுகோடு ஐந்தாறு பொறிவண்டுகள். இல்லீஸ் என்ற இனம். இது அசுவினியையும் தின்னாது, இலையையும் தின்னாது. அந்த வெள்ளைப் பூசணத்தை மேயும். அது நடந்துபோன தடத்தில் இலை பச்சையாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரே குடும்பத்தில் ஒன்று பூச்சி தின்கிறது, ஒன்று இலை தின்கிறது, ஒன்று பூசணம் தின்கிறது. மூன்றையும் நான்கு நாளில் பார்த்தாயிற்று.

வெளிச்சம் போய்விட்டதால் இல்லீஸ் படங்கள் சுமார்தான். மஞ்சள் நிறம் ஃபிளாஷில் எளிதாக வெளிறிவிடும். வெளிச்சத்தை இன்னும் ஒரு படி குறைத்து எடுத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள்: காப்பிச் செடியில்

விடியும் முன்பே போய்விட்டேன். மேஸ்திரி அண்ணன் கையில் கவாத்துக் கத்தியோடு கூடவே வந்தார். நான் தேடுவதைச் சொன்னதும் சிரித்தார். “அண்ணே, நீங்க வண்டத் தேடுறீங்க. மொதல்ல மாவுக்குள்ள பெரிய மாவு இருக்கான்னு பாருங்க” என்றார்.

அது எனக்கு உறைத்தது. நேற்று முழுக்க வண்டைத்தான் தேடினேன். கிரிப்டோலேமஸின் புழு மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டிருக்கும். படித்திருக்கிறேன், பரங்கிக்காய் மேல் பார்த்தும் இருக்கிறேன். காட்டில் கண் அதை மாவுப்பூச்சி என்று தள்ளிவிட்டுப் போய்விடுகிறது.

மறுபடி நேற்றைய செடிகளுக்கே போனேன். மூன்றாவது செடி, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் ஒரு காய்க்கொத்து. மாவுக்கு நடுவே ஒன்று மட்டும் மற்றதைப்போல் இரண்டு பங்கு பெரிது. மெழுகு இழைகள் நீளமாக, கலைந்து, நனைந்த பஞ்சுத் திரி மாதிரி தொங்கின. மாவுப்பூச்சி நகர்வதே தெரியாது. இது நகர்ந்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தபோது இழைகளுக்கு அடியில் ஆறு கால் தெரிந்தது. அதன் முன்பக்கம் ஒரு மாவுப்பூச்சியின் அடியில் புகுந்திருந்தது. ஓர் எறும்பு வந்து, உணர்கொம்பால் அந்த மெழுகைத் தடவிப் பார்த்து, தாண்டிப் போய்விட்டது. அந்த நொடியில் கையை அசைக்காமல் வைத்திருக்க முடிந்ததற்கு இப்போதுகூட மனசு நிறைவாக இருக்கிறது. படம் இருக்கிறது: எறும்பின் கொம்பு மெழுகைத் தொடுகிறது, கீழே புழு தின்கிறது.

வெள்ளையை வெள்ளைமேல் எடுப்பது கஷ்டம். ஃபிளாஷை ஒரு பக்கமாக இறக்கி, மறுபக்கம் மேஸ்திரி அண்ணனின் கருப்புக் குடையை விரித்துப் பிடிக்கச் சொன்னேன். அப்போதுதான் இழைகளுக்கு நிழல் விழுந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தது. அவர் முக்கால் மணி நேரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வண்டு அதே கொத்துக்குக் கீழே இலையின் அடியில் இருந்தது. நான்கு மில்லிமீட்டர் இருக்கும். பொறிவண்டு என்றால் மனசில் வரும் சிவப்பும் புள்ளியும் இதில் கிடையாது. கருத்த பழுப்பு முதுகு, தலையும் கழுத்தும் காவி, முதுகின் பின்நுனியிலும் அதே காவி. சின்ன ரோமம் மூடியிருப்பதால் பளபளப்பும் இல்லை. முப்பது படம் எடுப்பதற்குள் இலை மாறிப் பறந்துவிட்டது.

இந்த வண்டுக்கு ஒரு கதை உண்டு. 1888-இல் ஆல்பர்ட் கோபெலே என்ற பூச்சியியலாளர் ஆஸ்திரேலியாவுக்குப் போய், ரொடோலியா என்ற சிவப்புப் பொறிவண்டை கலிஃபோர்னியாவுக்கு அனுப்பினார். அங்கே ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்த பஞ்சுச் செதில் பூச்சி என்ற சாறுறிஞ்சியை அது சீக்கிரத்திலேயே அடக்கிவிட்டது. பின்னால் நம் நீலகிரியில் வாட்டில் என்ற வேல வகை மரங்களில் அதே பூச்சி வந்தபோது, அதே ரொடோலியாவை இங்கேயும் கொண்டுவந்து விட்டார்கள். கோபெலே 1891-இல் இரண்டாவது முறை ஆஸ்திரேலியா போனபோது எடுத்துவந்தவற்றில் கிரிப்டோலேமஸும் ஒன்று. ஏழு வருஷம் கழித்து, காப்பியில் வரும் பச்சைச் செதில் பூச்சியை அடக்க அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பச்சைச் செதிலிடம் அது ஊன்றவில்லை. மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டது. எதற்காகக் கொண்டுவந்தார்களோ அதைச் செய்யாமல், வேறொன்றைச் செய்துகொண்டு நூற்று இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மலைத் தோட்டங்களில் நிலைத்துவிட்டது.

ஆனால் எல்லா மாவுப்பூச்சிக்கும் பொறிவண்டே போதும் என்று சொல்லமாட்டேன். 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தபோது, அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது 2010-இல் வெளியிலிருந்து தருவித்து விட்ட ஒரு குட்டிக் குளவிதான். எந்தப் பூச்சிக்கு எது எதிரி என்று பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ராத்திரி மேஸ்திரி அண்ணன் வீட்டில் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து படங்களைப் பார்த்தார்கள். எறும்புப் படத்தில் “எது மாவு, எது புழு?” என்று கேட்டேன். மூன்று பேரில் சின்னவள் மட்டும் சரியாகத் தொட்டாள். “இதுக்குத்தான் தலைமுடி வாரல” என்று காரணமும் சொன்னாள்.

ஆறாம் நாள்: திரும்பும் வழி

பத்து மணி பஸ்ஸில் இறங்கி, சித்தப்பா வீட்டுக்குப் போகும் வழியில் பெரியம்மாவின் தோட்டத்தில் நின்றேன். கத்தரியில் மருந்து வாடை இன்னும் இருந்தது. இலைகளில் எபிலாக்னா செத்துக் கிடந்தன. பெரியம்மா இல்லை. வரப்புக்குப் போனேன்.

மொச்சையில் வாடை இல்லை. கத்தரி ஓரம் இருந்த இரண்டு கொடிகளில் மட்டும் காற்றில் மருந்து பட்டிருக்கும்போல, இலை நுனி கருகியிருந்தது. அதைத் தாண்டி மற்ற கொடிகளில் குறுக்குப்பட்டை வண்டுகள் வெயிலில் ஓடிக்கொண்டிருந்தன. படம் எடுக்கிற நேரம் இல்லை அது. இருந்தாலும் இலைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடைசிக்கு முந்தின கொடியில், இலையின் அடியில், மஞ்சள் முட்டைகள். நெல்மணியை நிமிர்த்தி வைத்த மாதிரி வரிசையாக. எண்ணினேன், பத்தொன்பது. அதில் ஆறு பொரிந்திருந்தது. கால் தெரியாத அளவு சின்னக் கருப்புக் குஞ்சுப் புழுக்கள், தன் முட்டை ஓட்டின்மேலேயே நின்றன. அவற்றில் இரண்டு, பக்கத்தில் இன்னும் பொரியாத முட்டையைத் தின்ன ஆரம்பித்திருந்தன. பையைக் கீழே வைத்து, தட்டை மாட்டி, வரப்பில் படுத்தேன். பேட்டரி தீரும் வரை எடுத்தேன்.